பெருங்குடல் புற்றுநோயின் பரவலை ஆராய விலங்கு மாதிரியைத் தேர்வது எப்படி?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு ஆளானவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது குடலில் முதலில் தோன்றிய கட்டி அன்று. அங்கிருந்து பிரிந்துபோய்க் கல்லீரலிலும் நுரையீரலிலும் வயிற்றறையின் உள்ளுறையிலும் குடியேறி வளர்ந்த கட்டிகளே. நோய் கண்டறியப்படும் நாளிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புற்று வேறோர் உறுப்பை எட்டியிருக்கிறது. ஒரு செல் குடல் சுவரை அரித்து, குருதியில் கலந்து, தொலைவில் உள்ள உறுப்பில் கரையேறி, அங்கே வேரூன்றும் இந்தப் பயணத்தை வளர்ப்புத் தட்டில் முழுமையாகக் காட்ட இயலாது. ஆகவேதான் விலங்கு மாதிரிகள் தேவைப்படுகின்றன. இத்துறைக்குள் புதிதாக நுழையும் ஆய்வு மாணவர் எந்தெந்த முடிவுகளை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மவுஸ், ரேட் ஆகிய இரண்டையுமே நாம் எலி என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆய்வுக்கூடத்தில் அந்தக் குழப்பம் ஆகாது. எனவே இங்கே சுண்டெலி என்றால் மவுஸ், எலி என்றால் ரேட்.

முதற் படி: பரவலின் எந்தக் கட்டம் உங்கள் கேள்வி?

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கும் மாதிரியை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப ஒரு கேள்வியைப் பின்னால் தைப்பது. வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். பரவல் என்பது ஒரே நிகழ்வு அன்று. கட்டியின் செல்கள் சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவுகின்றன. குருதிக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைகின்றன. ஓட்டத்தின் அழுத்தத்தையும் புற்றுச் செல்களை அழிக்கும் நோய் எதிர்ப்புச் செல்களான இயற்கைக் கொல்லி செல்களின் தாக்குதலையும் தாங்குகின்றன. புதிய உறுப்பின் நுண்குழாய்களில் சிக்கி வெளியேறுகின்றன. சில உடனே வளர்கின்றன, சில நீண்ட காலம் உறங்கிக் கிடக்கின்றன. இக்கட்டங்களுள் எதைப் பற்றி நீங்கள் கேட்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால், விலங்கைத் தொடும் நேரம் இன்னும் வரவில்லை.

உடற்கூற்றையும் இங்கேயே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பெருங்குடலின் சிரைக் குருதி கல்லீரல் வாயிற்சிரை வழியாக முதலில் கல்லீரலுக்கே போகிறது. அதனால் அங்குதான் பரவல் மிகுதி. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் குருதியின் ஒரு பங்கோ கல்லீரலைத் தொடாமல் கீழ்ப் பெருஞ்சிரையை அடைந்து நேராக நுரையீரலுக்குப் போய்விடுகிறது. குடல் சுவரின் வெளிப்பரப்பைத் துளைத்த கட்டி, செல்களை வயிற்றறைக்குள் உதிர்க்கக்கூடும். குழாய்களின் போக்கு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதை ஆங்கில அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-இலேயே விதையும் மண்ணும் என்ற உவமையால் சொல்லிவிட்டார்; எந்த மண்ணில் விழுந்தாலும் விதை முளைத்துவிடுவதில்லை. நல்ல மாதிரி என்பது விதை (புற்றுச் செல்), மண் (அது சேரும் உறுப்பு), வழி ஆகிய மூன்றில் உங்கள் கேள்விக்குரியதை உண்மைக்கு நெருக்கமாக வைத்திருக்கும் மாதிரி. மூன்றையும் ஒருசேரக் கொண்ட மாதிரி அரிது.

இரண்டாம் படி: செல்களை எங்கே வைப்பது?

இதுவே மிக முக்கியமான முடிவு. தன்னியல்புப் பரவல் மாதிரி, செயற்கைப் பரவல் மாதிரி என்ற பாகுபாட்டை முதலில் புரிந்துகொள்ளுங்கள். முதற்கட்டி குடலில் வளர்ந்து, அதிலிருந்து செல்கள் தாமாகவே பிரிந்து வேறிடம் போய்ச் சேர்வது முன்னது. செல்களை நாமே ஊசியால் குருதிக்குள் செலுத்துவது பின்னது. பின்னதில் ஊடுருவலும் குழாய்க்குள் நுழைவதும் நடைபெறுவதே இல்லை. நாம் பார்ப்பது பிற்பாதியை மட்டும். அதனால் அது தாழ்ந்தது என்று பொருள் இல்லை. கல்லீரலில் வந்திறங்கிய செல் எப்படி வேரூன்றுகிறது என்பது கேள்வியானால், செயற்கைப் பரவலே தெளிவான விடையைத் தரும். ஒரு மரபணு ஊடுருவலைத் தூண்டுகிறதா என்ற கேள்விக்கு அதே முறையைப் பயன்படுத்துவதுதான் பிழை.

தோலுக்கடியில் செல்களைச் செலுத்துவது எளிது, கட்டியை அளவுகோலால் அளக்கலாம், மருந்தின் விளைவை விரைவில் பார்க்கலாம். ஆனால் அவ்வகைக் கட்டிகள் பெரும்பாலும் பரவுவதில்லை. பரவலைப் பற்றிய ஆய்வில் அதற்கு இடம் குறைவு.

வால்சிரையில் செலுத்தினால், செல்கள் இதயத்தின் வலப்புறம் வழியாகச் சென்று முதலில் சந்திக்கும் நுண்குழாய் வலை நுரையீரலே. ஆகவே நுரையீரலில் கட்டிகள் தோன்றுகின்றன. இதை வைத்து, இந்தச் செல்கள் நுரையீரலை நாடுகின்றன என்று எழுதிவிடாதீர்கள். அங்கே வேறு வழியில்லாமல் சிக்கியவை அவை. வழக்கமாக 1 இலட்சம் முதல் 5 இலட்சம் செல்கள், 100 முதல் 200 மைக்ரோலிட்டர் கரைசலில் செலுத்தப்படும். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாக இருந்தால் நுரையீரல் தமனி அடைபட்டு விலங்கு அங்கேயே இறந்துவிடும். எனவே கடைசி நேரத்தில் கரைசலை வடிகட்டி, நுண்ணோக்கியில் தனிச்செல்களாக இருப்பதைப் பார்த்த பிறகே ஊசியில் ஏற்ற வேண்டும்.

கல்லீரலை எட்டுவதற்கு மண்ணீரல் வழி பரவலாகப் பயன்படுகிறது. மண்ணீரலுக்குள் செலுத்திய செல்கள் அதன் சிரை வழியாக வாயிற்சிரையை அடைந்து கல்லீரலில் இறங்குகின்றன. மண்ணீரலை அப்படியே விட்டுவிட்டால் அங்கும் பெரிய கட்டி வளரும். கல்லீரலில் உள்ளது முதல் தவணையில் வந்ததா, மண்ணீரல் கட்டியிலிருந்து பின்னர் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. அதனால் செலுத்திய சில நிமிடங்களில் மண்ணீரலை அகற்றுவார்கள். ஆனால் மண்ணீரல் ஒரு நோய் எதிர்ப்பு உறுப்பு. நோய் எதிர்ப்பாற்றலே உங்கள் கேள்வியாக இருந்தால், அதை முழுவதும் நீக்குவது கேள்வியையே சிதைக்கும். அப்போது மண்ணீரலை இரண்டாகப் பிரித்துக் கட்டி, ஒரு பாதியில் செலுத்தி, அப்பாதியை மட்டும் நீக்கும் முறை பொருத்தமானது. வாயிற்சிரையிலேயே நேராகச் செலுத்துவதும் உண்டு. குருதிக்கசிவை நிறுத்தும் கைப்பழக்கம் வரும்வரை அதைத் தள்ளிவைப்பது நல்லது.

வயிற்றறைக்குள் செல்களைச் செலுத்துவது உள்ளுறைப் பரவலின் பிற்பகுதியைக் காட்டும். இதயத்தின் இடக் கீழறையில் செலுத்துவது எலும்பு, மூளை போன்ற இடங்களுக்குச் செல்களை அனுப்புகிறது. பெருங்குடல் புற்றில் அவை அரிய இலக்குகள் என்பதால், குறிப்பிட்ட காரணம் இருந்தாலன்றி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

இனி, கட்டி பிறந்த இடத்திலேயே அதை வளர்க்கும் முறை. சுண்டெலியின் பெருங்குடல் தொடக்கத்தில் சீக்கம் என்ற பெரிய பை உள்ளது. வயிற்றைத் திறந்து, அதை வெளியே எடுத்து, மிக மெல்லிய ஊசியால் அதன் சுவருக்குள் செல்களையோ திசுத்துண்டையோ வைக்கலாம். குடல் சுவரின் குருதிச் சூழலும் நுண்ணுயிர்களும் வாயிற்சிரை வழியும் இங்கே உண்மையானவை. ஆயினும் இம்முறையில் ஒரு பொறி உண்டு. அதில் விழாதவர்கள் குறைவு. ஊசியை வெளியே இழுக்கும்போது ஒரு துளி கசிந்தாலும் ஆயிரக்கணக்கான செல்கள் வயிற்றறைக்குள் விழுந்துவிடும். நான்கு வாரம் கழித்து உள்ளுறை முழுவதும் கட்டிகள் இருக்கும். மாணவர் அதை ஆக்கிரமிப்புமிக்க பரவல் என்று மகிழ்ந்து எழுதுவார். உண்மையில் அது கைநழுவல். கசிவைத் தடுக்கச் செலுத்தும் அளவைக் குறைக்க வேண்டும். குளிரில் திரவமாகவும் உடல் வெப்பத்தில் கூழாகவும் மாறும் மேட்ரிஜெல்லில் செல்களைக் கலக்க வேண்டும். சுவரில் தெளிவான கொப்புளம் எழுந்ததா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ஊசியை எடுத்தவுடன் அவ்விடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். கசிந்தது கண்ணால் தெரிந்த விலங்கை அன்றே குறித்துவைத்து, அது ஆய்விலிருந்து விலக்கப்படும் என்ற விதியை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு விலக்குவது நேர்மையன்று.

வயிற்றைத் திறக்காமலே குடலின் உட்புறத்திலிருந்து, சிறிய அகநோக்கியின் துணையோடு, சளிச்சவ்வுக்கடியில் செல்களைச் செலுத்தும் முறையும் இன்று நன்கு வளர்ந்துள்ளது. அறுவைக் காயம் இல்லை, கட்டியைக் கண்ணால் தொடர்ந்து பார்க்கலாம். கருவியின் விலையும் கைத்திறனுமே தடைகள். மலவாய்க்கு அருகில் செலுத்தும் முறை எளிதானது. ஆனால் அங்கிருந்து குருதி கல்லீரலைத் தவிர்த்துச் செல்லும் என்பதை மேலே சொன்ன உடற்கூறு நினைவூட்டும்.

இப்படிப் பிறந்த இடத்திலேயே வளர்த்த முதற்கட்டியிலும் ஒரு தொல்லை உண்டு. கல்லீரலில் கட்டிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்வதற்குள், முதற்கட்டியே குடலை அடைத்து விலங்கை வீழ்த்திவிடும். சீக்கத்தின் கட்டியை உரிய நாளில் அறுவையால் நீக்கினால் பரவலுக்குக் கால அவகாசம் கிடைக்கும். நோயாளிக்கு நடைபெறும் சிகிச்சையின் வரிசையும் ஏறக்குறைய அதுவே.

மூன்றாம் படி: எந்தச் செல், எந்த விலங்கு?

ஒரே மரபுத்தொகுதி கொண்ட சுண்டெலியில் அதே இனத்தின் கட்டிச் செல்களை வைத்தால் நோய் எதிர்ப்பாற்றல் முழுமையாக இயங்கும். பால்ப்/சி இனத்துக்கு சிடி26, சி57பிஎல்/6 இனத்துக்கு எம்சி38 ஆகிய, ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் இரண்டு செல் வரிசைகளே பெரும்பாலான ஆய்வுகளைத் தாங்குகின்றன. இரண்டும் வேதிப்பொருளால் உண்டாக்கப்பட்ட கட்டிகளிலிருந்து வந்தவை. சிடி26-இல் கேராஸ் மரபணுப் பிறழ்வு உண்டு. ஆனால் மனிதக் கட்டிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் ஏபிசி பிறழ்வோ டிபி53 பிறழ்வோ இல்லை. எம்சி38 பிறழ்வுகள் மிகுந்தது. நோய் எதிர்ப்பாற்றல் மீதுள்ள தடையை நீக்கும் மருந்துகளுக்கு (சோதனைச்சாவடித் தடுப்பான்கள்) நன்றாகக் கட்டுப்படுகிறது. பரவிய பெருங்குடல் புற்றில் டிஎன்ஏ பிழைதிருத்தக் குறைபாடு கொண்டவை நூற்றில் ஏறத்தாழ ஐந்தே. எஞ்சியவை அச்சிகிச்சைக்குப் பொதுவாக இணங்குவதில்லை. எம்சி38-இல் மட்டும் வெற்றி கண்ட சிகிச்சையைக் கண்டு பெருமகிழ்ச்சி கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மனிதச் செல்களை வைக்க வேண்டுமானால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய விலங்கு தேவை. தைமஸ் சுரப்பி அற்ற முடியில்லாச் சுண்டெலியில் மனிதக் கட்டியை முதன்முதலாக வளர்த்துக் காட்டியது 1969-இல். அக்கட்டி பெருங்குடல் புற்றே என்பது இத்துறையினருக்கு ஒரு இனிய செய்தி. முடியில்லாச் சுண்டெலியில் நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் இல்லை; இயற்கைக் கொல்லி செல்கள் உண்டு, அவை குருதியில் வரும் புற்றுச் செல்களை வேட்டையாடுகின்றன. என்எஸ்ஜி இனத்தில் டி, பி, இயற்கைக் கொல்லி செல்கள் மூன்றுமே இல்லை. அதனால் ஒரே செல் வரிசை முன்னதில் பரவாமலும் பின்னதில் தாராளமாகப் பரவியும் இருப்பதைப் பார்க்கலாம். எச்சிடி116, எச்டி-29 போன்ற மனிதப் பெருங்குடல் புற்றுச் செல் வரிசைகள் பரவலாகப் பயன்படுகின்றன. எஸ்டபிள்யூ480, எஸ்டபிள்யூ620 ஆகிய இரண்டும் ஒரே நோயாளியிடமிருந்து, முறையே முதற்கட்டியிலிருந்தும் பின்னர் நிணநீர் முடிச்சிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒப்பிட வசதியான இணை; ஆனால் அது ஒரு மனிதரின் கதை மட்டுமே.

நோயாளியின் கட்டித் துண்டை நேராகச் சுண்டெலியில் வளர்ப்பதும், அதிலிருந்து ஆர்கனாய்டு என்னும் முப்பரிமாணச் செல் திரள்களை வளர்த்து வைப்பதும் கட்டியின் பன்முகத்தன்மையை நன்கு காக்கின்றன. சில தலைமுறைகளுக்குள் மனித இணைப்புத்திசுவின் இடத்தைச் சுண்டெலியின் திசு பிடித்துக்கொள்ளும். எப்போதேனும் வளர்ந்தது குடல் புற்றாக இல்லாமல், திசுவோடு வந்த பி செல்களிலிருந்து கிளம்பிய நிணநீர்ப் புற்றாகவும் இருந்துவிடும். சிகே20, சிடிஎக்ஸ்2 ஆகிய அடையாளப் புரதங்களுக்குச் சாயமிட்டுப் பார்க்காமல் மேலே செல்லாதீர்கள்.

மரபணு மாற்றிய சுண்டெலிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1990-இல் அறிவிக்கப்பட்ட ஏபிசி-மின் சுண்டெலி புகழ் பெற்றது. ஆயினும் அதில் கட்டிகள் பெரும்பாலும் சிறுகுடலில்தான் தோன்றுகின்றன, பரவுவதற்கு முன்பே குருதிச்சோகையால் விலங்கு மாய்ந்துவிடுகிறது. அசாக்சிமீத்தேன் என்ற வேதிப்பொருளும் குடலைப் புண்ணாக்கும் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் உப்பும் சேர்ந்த முறையில் கட்டிகள் பெருங்குடலிலேயே சில வாரங்களில் தோன்றுகின்றன. பரவல் அங்கும் அரிது. இரண்டும் புற்றின் தோற்றத்தை ஆராய உகந்தவை. பரவலுக்குப் பல பிறழ்வுகள் ஒருங்கே தேவை. ஏபிசி, கேராஸ், டிபி53 ஆகியவற்றோடு டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதத்தின் ஏற்பியையும் குடல் குருத்துச் செல்களில் மாற்றிய சுண்டெலிகளும், அவற்றின் ஆர்கனாய்டுகளைச் சீக்கத்தில் வைத்துக் கல்லீரல் பரவலைப் பெற்றதும் 2018-இல் வெளியாயின. கேராஸ், டிபி53 மாற்றங்களோடு நாட்ச்1 சமிக்ஞையையும் தூண்டிய மாதிரி 2019-இல் வந்தது. அதில் பரவல் தன்னியல்பாகவே நிகழ்கிறது. புதியவருக்கு என் பரிந்துரை, இத்தகைய ஆர்கனாய்டுகளைப் பெற்று இயல்பான சி57பிஎல்/6 சுண்டெலியில் வைப்பது. இனப்பெருக்கத்துக்காக ஈராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நோய் எதிர்ப்பாற்றலும் குறையின்றி இருக்கும்.

அறுவைப் பயிற்சிக்கும் மீண்டும் மீண்டும் குருதி எடுப்பதற்கும் எலியின் உடலளவு வசதியானது. வேக்/ரிஜ் இன எலியில் சிசி531 என்னும் எலிப் பெருங்குடல் புற்றுச் செல்கள் கல்லீரல் ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுள்ளன. கருவுற்று இரண்டு நாளான வரிக்குதிரை மீனின் ஒளி ஊடுருவும் உடலில், செல்கள் குழாயைவிட்டு வெளியேறுவதை நேரிலேயே பார்க்கலாம். மீனுக்கு 28 பாகையும் மனிதச் செல்லுக்கு 37 பாகையும் உகந்தவை என்பதால் 34 பாகை செல்சியசில் வைப்பது சமரசம். அதற்குக் கல்லீரல் உண்டு, நுரையீரல் இல்லை. அடைகாக்கும் கோழிமுட்டையின் சவ்வில் செல்களை வைப்பது மலிவான முன்சோதனை.

நான்காம் படி: தொடங்கும் முன் எழுதிவைக்க வேண்டியவை

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி எதுவும் தொடங்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ரசலும் பர்ச்சும் 1959-இல் முன்வைத்த மாற்றுவழி தேடல், எண்ணிக்கைக் குறைப்பு, துன்பக் குறைப்பு ஆகிய மூன்று நெறிகளுக்கும் உங்கள் திட்டம் விடை சொல்ல வேண்டும். பரவல் ஆய்வில் மூன்றாவதே கடினம். உள்ளே வளரும் கட்டி வெளியே தெரியாது. எனவே எடை இழப்பு, வயிறு வீக்கம், கூன் விழுந்த நிலை, சோர்வு, மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் தந்து, எந்த எண்ணில் விலங்கை வலியின்றி முடித்துவைப்பது என்று முன்பே வகுக்க வேண்டும். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் முடிப்பது பரவலான வரையறை. எடையை மட்டும் நம்ப வேண்டாம். வயிற்றில் நீர் கோத்த விலங்கு எடை கூடிக்கொண்டே நலிவடையும்.

அறுவைக்குப் பின் வலிநிவாரணி கட்டாயம். ஆனால் மெலோக்சிகாம் போன்ற அழற்சி நீக்கிகள், குடல் புற்றில் பங்கு வகிக்கும் காக்ஸ்-2 நொதியையே தடுப்பவை. எல்லாக் குழுவுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நேரம் என்று வைத்து, அதை வெளிப்படையாகப் பதிவு செய்யுங்கள். வளர்ப்பறையின் வெப்பமும் பொருட்படுத்தத் தக்கது: வழக்கமான 22 பாகை சுண்டெலிக்குக் குளிரே, அக்குளிர் அதன் நோய் எதிர்ப்பாற்றலைத் தளர்த்துவது காட்டப்பட்டுள்ளது. குடல் நுண்ணுயிர்த் தொகுதி விலங்கு வந்த பண்ணைக்கேற்ப மாறும். ஆகவே ஒரு குழுவை ஓரிடத்திலும் மறு குழுவை வேறிடத்திலும் வாங்குவது, தொடங்கும் முன்பே ஆய்வைக் கெடுப்பதாகும்.

செல்களில் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணிய பாக்டீரியாவின் தொற்று இல்லை என்பதைச் சோதியுங்கள்; மனிதச் செல் வரிசையின் அடையாளத்தை டிஎன்ஏ முத்திரையால் உறுதி செய்யுங்கள். செலுத்தும் நாளில் உயிருள்ள செல்கள் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டும். கடைசி விலங்குக்குச் செலுத்தியபின் எஞ்சிய கரைசலை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பனிக்கட்டியில் இரண்டு மணி நேரம் கிடந்த செல்கள் முதலில் இருந்தவை அல்ல. விலங்குகளுக்குச் செலுத்தும் வரிசையைக் குலுக்கல் முறையில் கலப்பது இதற்காகவே. ஒரு குழுவை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், உங்கள் மருந்தின் விளைவும் செல்களின் களைப்பும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும்.

பெரிய ஆய்வுக்கு முன் ஐந்தாறு விலங்குகளில் முன்னோட்டம் செய்து, எத்தனை விழுக்காட்டில் பரவல் ஏற்படுகிறது, எந்த வாரத்தில் ஏற்படுகிறது என்று பாருங்கள். விலங்குகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அந்த எண்ணே அடிப்படை. தன்னியல்பு மாதிரிகளில் பத்தில் மூன்று விலங்குகளில் மட்டும் பரவல் வருவதும் உண்டு. அங்கே குழுவுக்கு எட்டு விலங்கு என்ற பழக்கவழக்கக் கணக்கு எதையும் நிறுவாது.

ஐந்தாம் படி: அளப்பது

லூசிஃபரேஸ் என்னும் ஒளி உண்டாக்கும் நொதியின் மரபணு ஏற்றிய செல்களை, அந்நொதி வினைபுரியும் பொருளான லூசிஃபெரினைக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்ற அளவில் செலுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஒளிப்படம் எடுத்து, உயிருள்ள விலங்கிலேயே வாரந்தோறும் தொடரலாம். வரம்புகள் மூன்று. ஆழத்தில் உள்ள கட்டியின் ஒளி மங்கும். சி57பிஎல்/6-இன் கருமுடி ஒளியை விழுங்குவதால் மழிக்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் உள்ள விலங்கு லூசிஃபரேசை அயற்பொருளாகக் கண்டு அச்செல்களை அழிக்கக்கூடும். பெரிய முதற்கட்டியின் ஒளி, அருகிலுள்ள கல்லீரலின் சிறு புள்ளியை மறைத்துவிடும் என்பதால், இறுதியில் உறுப்புகளை வெளியே எடுத்துத் தனித்தனியே படமெடுப்பது நல்லது.

ஒளிப்படம் திசு ஆய்வுக்கு மாற்று ஆகாது. கல்லீரலின் எல்லா மடல்களையும் சீரான இடைவெளியில் வெட்டி, யார் எந்தக் குழு என்று அறியாத ஒருவர் எண்ண வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முடிச்சுகளை மட்டும் எண்ணினால் உறங்கிக் கிடக்கும் தனிச்செல்கள் தப்பிவிடும். மனிதச் செல்களானால், ஆலு என்னும் மனிதருக்கும் குரங்கினத்துக்கும் மட்டுமே உரிய டிஎன்ஏ தொடரை டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் அளவறி பிசிஆரால் தேடி மிகச் சிலவற்றையும் பிடிக்கலாம். பகுப்பாய்வில், ஒரு சுண்டெலியின் கல்லீரலில் இருபது முடிச்சுகள் இருந்தால் அவை இருபது தனிச் சான்றுகள் ஆகா, அலகு விலங்கே. பரவல் வந்த விலங்குகளின் விகிதத்தையும், வந்தவற்றில் எவ்வளவு என்பதையும் தனித்தனியே கொடுங்கள். முதற்கட்டியின் எடையையும் அருகில் வையுங்கள்: மருந்து கொடுத்த குழுவில் முதற்கட்டியே பாதியாகச் சுருங்கியிருந்தால், பரவல் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம், பரவலைத் தடுக்கும் தனி ஆற்றல் மருந்துக்கு இல்லாமலும் இருக்கலாம்.

எழுதும்போது, விலங்கு ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கான அரைவ் வழிகாட்டுதல்களின் 2020 பதிப்பு கேட்கும் விவரங்கள் அனைத்தையும் தர வேண்டும். அதற்கும் மேலாக, செலுத்திய இடம், கன அளவு, ஊசியின் தடிமன், செலுத்திய வேகம், விலக்கிய விலங்குகளின் எண்ணிக்கை, விலக்கியதன் காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். தலைப்பிலும் சுருக்கத்திலும் மண்ணீரல் வழி கிடைத்த முடிவைக் கல்லீரல் குடியேற்றம் என்றே குறிப்பிடுங்கள். கல்லீரல் பரவல் என்ற சொல்லைக் குடலில் வளர்ந்த கட்டியிலிருந்து தானாகவே வந்ததற்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள்.